புதருக்குள் ஒரு விண்மீன்

அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி சென்ற நாம், அந்திப் பொழுதில் சிவனொளிபாத மலைக்காட்டின் ஓரத்தில் நின்றோம். ஒருபுறம் தேயிலை, மறுபுறம் பாசி படர்ந்த மரங்கள். காட்டினின்று 'டிக், டிக்' என்னும் மெல்லொலி எழுந்தது. அது புதர்த் தவளைகளின் குரல்.

விரல் நுனியிலுள்ள வட்டத் தட்டுகளால் இலையைப் பற்றி ஏறும் இச்சிற்றுயிர்களுக்குக் குளமும் குட்டையும் வேண்டா. பெரும்பாலான இனங்களில் பெண் தவளை ஈரமண்ணில் குழி பறித்து முட்டையிட்டு, மண்ணோடு கலந்து மூடிவிடும். சில இனங்கள் இலையின் அடிப்புறத்தில் இடும். வாற்பேத்தைப் பருவம் முட்டைக்குள்ளேயே கழிய, முழுத் தவளையாகவே குஞ்சு வெளிவரும். ஆயினும் நிழல் அகன்று மண் உலர்ந்தால் முட்டை பிழையாது.

1853 இல் கேலார்ட் என்னும் மருத்துவர், விண்மீன் போன்ற புள்ளிகளையுடைய ஓரினத்தை விவரித்தார். பின்னர்க் காடுகள் கோப்பிக்கும் தேயிலைக்கும் இரையாயின. அத்தவளை அழிந்ததென்றே கருதப்பட்டது. ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்குப் பின், இம்மலைக்காட்டில் அது மீண்டும் கிடைத்த செய்தி 2013 இல் வெளியாயிற்று.

உடன்வந்த மாணவன் தேயிலைச் சரிவைச் சுட்டி, "எங்கள் பூட்டன் வெட்டிய காடு, ஐயா" என்றான். வெட்டச் சொன்னவர் வேறு என்பதை அவனும் அறிவான். எஞ்சிய காட்டையேனும் காப்பது இனி அவன் தலைமுறையின் கையில் இருக்கிறது. இருள் சூழும்வரை அவ்வொலியைக் கேட்டு நின்றோம்.