பெயரை மறைத்து அனுப்புங்கள்

அறிவியல் புனைகதை எழுத விழையும் ஆய்வு மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "முனைவர் பட்டம் இருந்தால் கதை எளிதில் வெளிவருமா?" வராது. அது நல்லதும்கூட.

1974இல் மராத்தி விஞ்ஞான் பரிஷத் நடத்திய அறிவியல் சிறுகதைப் போட்டிக்கு வானியற்பியலாளர் ஜெயந்த் விஷ்ணு நார்லிகர் ஒரு கதை அனுப்பினார். அப்போதே அவர் நாடறிந்தவர். ஆகவே தம் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி, நாராயண் விநாயக் ஜக்தாப் என்று பெயர் சூட்டிக்கொண்டார். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்று மனைவி மங்களாவைக் கொண்டு படியெடுத்தார். முதற்பரிசு அந்த ஜக்தாப்புக்கே கிடைத்தது.

நான் நேர்மாறாகச் செய்தேன். என் முதல் கதையில் மழை வருவிக்கும் கருவி ஒன்று இருந்தது. முதல் நான்கு பக்கங்களும் அக்கருவியின் இயக்கமே. பெயருக்குக் கீழே பல்கலைக்கழகத்தையும் துறையையும் எழுதி அனுப்பினேன். "கட்டுரை நன்று, கதை எங்கே?" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது. ஈராண்டுகள் எதுவும் எழுதவில்லை.

நார்லிகர் செய்ததை அறிந்த பிறகே அக்கதையை மீண்டும் எடுத்தேன். கருவியை ஒரு பத்திக்குள் அடக்கினேன். ஓர் ஊரில் பெய்யும் மழை அடுத்த ஊரின் மேகத்திலிருந்து பறித்தது என்று மட்டும் வைத்துக்கொண்டேன். அக்காளும் தங்கையும் அவ்விரு ஊர்களிலும் வாழ்க்கைப்பட்டவர்கள். அதன்பின் கதை தானே நகர்ந்தது.

நான் கற்றது இதுதான்: உலகில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதன் விளைவுகளை அடுக்களை வரை தொடருங்கள். ரொக்கேயா சகாவத் ஹுசைன் 'சுல்தானாவின் கனவு' கதையில் ஆண்களை அந்தப்புரத்துக்குள் அமர்த்தினார். தெருவும் சமையலும் போரும் அந்த ஒரு மாற்றத்தைச் சுற்றியே உருமாறுகின்றன. 1905இல் அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்'. நூலாக வந்தது 1908இல். ஜெகதீச சந்திர போஸின் வங்கக் கதையோ, 1896இல் ஒரு கூந்தல் தைல நிறுவனம் நடத்திய போட்டிக்கு எழுதப்பட்டது. அதில் ஒரு குப்பித் தைலம் கடற்புயலை அடக்குகிறது. ஆகவே சிறிய இதழையும் போட்டியையும் இழிவாக எண்ணாதீர்கள்.

இனி, அனுப்பும்போது கவனிக்க வேண்டியவை. இதழின் இரண்டு மூன்று வெளியீடுகளையாவது வாசித்துவிட்டு அனுப்புங்கள். சொல்வரம்பை மீறாதீர்கள். பெயரின்றிக் கேட்டால், கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயரையும் நீக்குங்கள். எங்கு, எந்நாளில் அனுப்பினீர்கள் என்று குறித்து வையுங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரு இதழ்களுக்கு அனுப்பலாமா என்று விதியைப் பாருங்கள். வெளியிடுவதற்கு உங்களிடமே பணம் கேட்பவரிடம் கதையைக் கொடுக்காதீர்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒப்பந்தம். முதல் வெளியீட்டு உரிமையை மட்டும் கொடுங்கள். மொழிபெயர்ப்பு, திரைப்படம், தொகுப்பு ஆகிய உரிமைகள் உங்களிடமே இருக்கட்டும். மூன்றாவதாக அனுப்பிய இதழ் என் மழைக்கதையை ஏற்றது. அந்த மகிழ்ச்சியில் எல்லா உரிமைகளையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்று என் சொந்தத் தொகுப்பில் அக்கதையைச் சேர்க்க எனக்கு உரிமையில்லை.

எழுதி வைத்துத் தயங்குவோர் எனக்கு அனுப்பலாம். வாசித்துச் சொல்கிறேன். பெயரும் துறையும் வேண்டா. கதை மட்டும் போதும்.