கூடத்தில் ஒரு மைக்ராஸ்கோப்

வேலையை விட்டு எட்டு மாசமாச்சு. "அடுத்து என்ன?"ன்னு யாராவது கேட்டா எனக்கு எரிக் பெட்ஸிக் ஞாபகம்தான் வரும். 1993-ல் பெல் லேப்ஸில், சாதாரண அறை வெப்பத்திலேயே ஒத்தை மூலக்கூறுகளைப் படம்பிடிச்ச மனுஷன். ஓரிரு வருஷத்தில் வெறுத்துப்போய் ஆராய்ச்சியையே உதறிட்டார். மிச்சிகனில் அப்பாவோட மெஷின் கம்பெனியில் சேர்ந்து பாடுபட்டு உருவாக்கிய இயந்திரம், வித்தது மொத்தமே ரெண்டு. அதையும் விட்டாச்சு.

2005-ல் அவரும் நண்பர் ஹெரால்ட் ஹெஸ்ஸும், ரெண்டு பேருக்கும் வேலை கிடையாது, ஹெஸ் வீட்டுக் கூடத்திலேயே மைக்ராஸ்கோப் கட்டினாங்க. எல்லா மூலக்கூறும் ஒரேயடியா மின்னினா படம் கலங்கிடும். கொஞ்சம் கொஞ்சமா மின்னவிட்டு, ஒவ்வொண்ணோட மையத்தையும் குறிச்சு அடுக்கினா தெளிஞ்சிடும். 2014-ல் வேதியியல் நோபலில் பங்கு.

நோபல் கிடக்கட்டும். நடுவுல அந்தப் பத்து வருஷம் அவர் வீட்டுல என்ன பேசியிருப்பாங்க?

எங்கப்பா இப்பல்லாம் ஒண்ணுமே கேக்கறதில்லை. அதுதான் உறுத்துது.