பாவை பார்த்து நோய் சொல்வது

போன மாதம் எங்கள் வைத்திக்குப்பத்தில் ஒருவர் முகாம் போட்டார். கருவிழியைப் படம் எடுத்து, அதிலுள்ள கோடு, புள்ளிகளை வைத்து எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று சொல்வாராம். பக்கத்து வீட்டு அம்மாளுக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. "கிட்னி சுத்தமா இருக்குன்னாரு. மாத்திரையக் குறைச்சிடட்டுமாண்ணே?" என்று கேட்டாள்.

இந்த முறையைத் தொடங்கியவர் 19ஆம் நூற்றாண்டு ஹங்கேரி வைத்தியர் பேட்செலி. 1979இல் அமெரிக்காவில் 143 பேரின் கருவிழிப் படங்களை இதில் தேர்ந்த மூவரிடம் கொடுத்தார்கள். யாருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நம் சித்த வைத்தியமும் விழி பார்க்கும். ஆனால் எண்வகைத் தேர்வில் அது ஒன்றுதான். நாடி, நாக்கு என்று மற்ற ஏழும் உண்டு.

விழியின் நடுத்துளைக்குப் பிரெஞ்சில் 'புப்பீய்' என்று படித்தோம். லத்தீன் மூலத்தில் சின்னப் பொம்மை என்று பொருள். நாமும் பாவை என்றுதானே சொல்கிறோம்! எதிரே நிற்பவர் உருவம் அதில் குட்டியாகத் தெரியும்.

பாவை சொல்லும் சேதியும் உண்டு. தலையில் அடிபட்டவருக்கு ஒன்று மட்டும் விரிந்து நின்றால் ஆபத்து. சர்க்கரைக்காரருக்குச் சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து, உள்ளே விழித்திரையில் ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பார்கள். கிட்னிக்கு ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும்.

"மாத்திரையில கை வைக்காதம்மா" என்று சொல்லி, தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பஸ்ஸில் கூட்டிப் போனேன். விழித்திரையில் கசிவு தொடங்கியிருந்தது. திரும்பும்போது வெயில் கூசுகிறதென்று முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டாள். ரத்தப் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை வரும்.