படிக்காமல் போட்ட கையெழுத்து

முப்பது வருடங்களுக்கு மேல் அரசு எழுத்தராக இருந்தவன் நான். படிக்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் எங்கள் முசியே ஏற்படுத்திய பழக்கம் அது. ஒரே ஒரு முறை தவறினேன், தம்பிக்காக.

சிறுநீரகம் கெட்டு, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இரவு பதினோரு மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவனைச் சேர்த்தோம். "உடனே டயாலிசிஸ் செய்யணும். கழுத்தில் தற்காலிகக் குழாய் போடணும்" என்றார்கள். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பயிற்சியில் இருந்த இளம் டாக்டர் கையால் தடவிப் பார்த்தே ஊசி ஏற்றினார். மூன்றாவது குத்து தமனியில் பட்டு, கழுத்து வீங்கிவிட்டது. வெகுநேரம் அழுத்திப் பிடித்து, பிறகு தொடையில் குழாய் போட்டார்கள். உயிர் பிழைத்தான். அவசரத்தில் அவரும் என்ன செய்வார்?

தொடைக் குழாயை அதிக நாள் வைத்தால் கிருமி தொற்றலாம். ஐந்தாம் நாள், எங்கள் வீட்டருகே இருக்கும் சிறிய டயாலிசிஸ் மருத்துவமனைக்கு மாற்றினோம். பெரிய இடத்திலேயே அப்படி ஆனதே என்று எனக்குப் பயம்.

அங்கே சிறுநீரக டாக்டரே வந்தார். இம்முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை முழுக்கப் படித்தேன்.

"என்னண்ணே, பிழை திருத்துறியா?" என்று தம்பி சிரித்தான்.

டாக்டர் பொறுமையாகப் பதில் சொன்னார். "ஸ்கேன் பார்த்துத்தான் ஊசி போடுவேன் ஐயா. அழுத்தினால் அமுங்குவது சிரை, அமுங்காமல் துடிப்பது தமனி. வலது கழுத்துதான் முதலில் பார்க்கணும். குழாய் போட்டதும் எக்ஸ்ரே எடுத்து, நுனி சரியான இடத்தில் இருக்கிறதா, நுரையீரலில் காயம் பட்டதா என்று பார்த்த பிறகுதான் மிஷினில் இணைப்போம்."

ஒரே குத்தில் வேலை முடிந்தது.

நண்பர்களே, கட்டடத்தின் அளவு அல்ல விஷயம். போடுபவர் யார், ஸ்கேன் உண்டா, எக்ஸ்ரே உண்டா, எத்தனை நாள் வைக்கலாம் என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் இதற்காகத் தாமதிக்க வேண்டாம். ஆனால் கேட்க அரை நிமிடம் போதும். குழாய் போட்ட இடம் நனையக் கூடாது. குளிர் காய்ச்சல் வந்தால் அன்றே சொல்லிவிட வேண்டும்.

இப்போது தம்பிக்குக் கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது. கழுத்தில் சின்னத் தழும்புதான் மிச்சம். அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் படிக்காத அந்தப் படிவம் நினைவுக்கு வருகிறது.