மூன்றில் இரண்டு

துப்பாக்கியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. பி.காம். படித்து பேங்கில் சேர்ந்தவன் நான். எனக்குத் தெரிந்த ஒரே துப்பாக்கி, கிளை வாசலில் கார்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இரட்டைக் குழல் 12 போர்தான். அது வெடிக்குமா என்பதிலேயே எனக்குச் சந்தேகம் உண்டு (ஆடிட்டர் யாராவது படித்தால் மன்னிக்கவும்). ஆனால் 2020 கடைசியில், உத்தராகண்டில் இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் ஒரு சின்ன ஊர்க் கிளையில் இருந்தபோது, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஒருவர் எனக்குத் தோட்டாப் பாடம் எடுத்தார்.

வடக்கே போஸ்டிங்கில் இருந்த நம்ம ஆட்களுக்குத் தெரியும். கிளைக்கு ஒரு மதராஸி வந்துவிட்டால், ஊரில் இங்கிலீஷ் மனு எழுதுகிற வேலை எல்லாம் அவன் தலையில்தான். அப்படித்தான் இவரும் வந்தார். 77 வயது, எங்கள் பென்ஷன் வாடிக்கையாளர். பெயர் வேண்டாம்.

விஷயம் இதுதான். 2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதுவரை லைசென்ஸ் உள்ளவர் மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம், இனி இரண்டுதான். மூன்றாவதை ஒரு வருஷத்துக்குள் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். இவரிடம் மூன்று. ஒன்று 12 போர், பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை விரட்ட. இன்னொன்று .315. மூன்றாவது அவர் தாத்தா வாங்கிய .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்.

"மனுவை எழுதுங்கள் மேனேஜர் சாப். எதை ஒப்படைக்கிறேன் என்ற இடத்தை மட்டும் காலியாக விடுங்கள்" என்றார்.

எனக்கு இதில் யோசிக்கவே ஒன்றும் இல்லை. .375க்கு வெளிநாட்டுத் தோட்டா வேண்டும், கிடைப்பதில்லை. அவரிடம் இருந்ததே ஒன்பது. .315க்கு நம் கட்கி தொழிற்சாலைத் தோட்டா கடையிலேயே கிடைக்கும். ஓடாத சொத்தைக் கணக்கிலிருந்து எடு என்று எந்த பி.காம். பையனும் சொல்வான். நானும் சொன்னேன். மனிதர் அசையவில்லை. "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள்" என்றார்.

போனேன். வராந்தாவில் மேஜைமேல் இரண்டு தோட்டாக்களை நிறுத்தி வைத்திருந்தார். சின்னது .315. வெள்ளைக்காரன் காலத்தில் ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கையில் இருக்கக்கூடாது என்று சட்டம். அதனால் இங்கே ராணுவத்தில் புழங்காத ஓர் ஆஸ்திரிய ரகத்தைப் பிடித்து, .315 என்று பெயர் வைத்துப் புழக்கத்தில் விட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நம் இச்சாப்பூர் தொழிற்சாலையும் அதே அளவில் செய்தது. மெயின் சிப்பாய் தோட்டா, ஆனால் வேஷம் மாற்றியது!

பெரியது .375. 1912ல் லண்டன் கம்பெனி கொண்டுவந்தது. உறை நீளமாக, முன்பக்கம் போகப் போகச் சரிந்து குறுகும். அது அழகுக்கு இல்லையாம். வெப்ப நாடுகளில் மருந்து சூடாகி அழுத்தம் ஏறும்போது, வெடித்த உறை குழலுக்குள் சிக்கிக்கொள்ளாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும். எதிரே காயம்பட்ட புலி நிற்கும்போது உறை சிக்கினால் என்ன ஆகும் என்று அவர் விளக்கவில்லை. தேவையும் இல்லை.

எடையைக் கேட்டேன், நகைக்கடன் பார்த்த பழக்கம். .315ன் குண்டு சுமார் 16 கிராம், சரியாக இரண்டு பவுன். .375ல் பெரிய குண்டு 19 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. அரைப் பவுனுக்கும் குறைவான வித்தியாசம்தானே என்றேன். சிரித்தார். வேகமும் சேர்ந்தால் அடியின் ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சுடுகிறவன் தோளில் விழும் உதையும் அதே கணக்குதான். இதைவிடப் பெரிய போர் எல்லாம் உண்டு. யானைக்கு ஆகும், ஆனால் நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. ஒரு மனிதன் சுமந்து, பயப்படாமல் சுட்டு, பெரிய விலங்கின் எலும்பையும் தாண்டி உள்ளே இறக்கக்கூடிய அளவில் .375தான் கடைசிப் படி என்றார். ஆப்பிரிக்காவில் சில நாடுகளில் சிங்கம், எருமை வேட்டைக்கு இதற்குக் குறைந்த போர் கூடாது என்றே சட்டம் இருக்கிறது.

கார்பெட்டை இழுத்தேன். அந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் அவர் பெயர்தானே. "அவர் .275 வைத்திருந்தாராமே? அதன் குண்டு ஒரு பவுன் சொச்சம்தான் வரும்."

"கனமான இரட்டைக் குழல் .450/400ம் வைத்திருந்தார், அதை யாரும் சொல்வதில்லை" என்றார். நானும் விடாமல், எங்கள் ஜவளகிரிக் காட்டில் ஆட்கொல்லியைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரை விடவே இல்லை என்று எடுத்துவிட்டேன். மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. மதராஸிக்கு ஒரு மார்க்.

இரண்டாம் ஞாயிறுதான் 1966 வந்தது. அப்போது புலி வேட்டைக்குப் பர்மிட் கொடுத்த காலம் (1970ல்தான் நின்றது, 1972ல் வனவிலங்குச் சட்டம்). அவருக்கு 23 வயது. மச்சானில் உட்காரப் போகும்போது .375 கனம் என்று வீட்டில் விட்டுவிட்டு .315ஐ எடுத்துப் போனார். புலி வந்தது, சுட்டார், பட்டது, ஓடிவிட்டது. மறுநாள் காலை ரத்தத் தடம் பிடித்துப் போனபோது, முன்னால் நடந்த தடம் பார்க்கும் ஆள்மேல் புலி பாய்ந்தது. இரண்டாவது குண்டில் புலி செத்தது. அந்த மனிதர் மூன்றாம் நாள் ஜன்னி கண்டு இறந்தார். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

"அன்றைக்கு .375 இருந்திருந்தால்..." என்று நிறுத்தினார். 54 வருஷமாகச் சொல்லி வந்த வாக்கியம் என்பது கேட்கும்போதே தெரிந்தது.

எனக்கு வேறொன்று சுருக்கென்றது. அவர் கணக்கில் மாதாமாதம் ஐந்தாம் தேதி, வேறு கிளையில் ஒரு பெண்மணியின் கணக்குக்கு 2,000 ரூபாய் போகிற ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் இருந்தது. சொந்தக்காரப் பெண் என்று நினைத்திருந்தேன். அதை நான் கேட்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு, கெடு முடியப் பத்து நாள் இருந்தது. மனுவை எடுத்துக்கொண்டு போனேன். எதையாவது கேட்க வேண்டுமே என்று, எந்த உள்நோக்கமும் இல்லாமல், "அந்த முதல் குண்டு எங்கே பட்டது?" என்றேன்.

"வயிற்றில்."

"அந்த இடத்தில் .375 பட்டிருந்தால் விழுந்திருக்குமா?"

ரொம்ப நேரம் பதில் இல்லை. உள்ளே குக்கர் விசில் அடித்தது.

"இல்லை. அதுவும் ஓடியிருக்கும்" என்றார். பிறகு அவரே சொன்னார். இருட்டிவிட்டதாம். குழல் முனையில் இருக்கும் குறிமுளையே கண்ணுக்குத் தெரியவில்லையாம். வெளிச்சம் போன பிறகு சுடாதே என்று அப்பா சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார். சம்பாவத் ஆட்கொல்லியைக் கார்பெட் 1907ல் சுட்ட பிறகு வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்கம் மேலும் கீழும் கோரைப்பல் உடைந்திருந்தது. யாரோ எப்போதோ அரைகுறையாகச் சுட்டதன் காயம். கணக்கில் வந்த உயிர் 436. "அந்த யாரோவைச் சின்ன வயதில் நான் நிறையத் திட்டியிருக்கிறேன்" என்றார்.

பேனாவை வாங்கி, காலியிடத்தில் .375 என்று அவரே எழுதினார், நம்பரைப் பார்க்காமலேயே. "தாத்தா துப்பாக்கி ஆயிற்றே?" என்றேன். "அதை நான் சுட்டதே இல்லை, மேனேஜர் சாப். இதுதான் என்னுடையது" என்று .315ஐக் காட்டினார்.

அடுத்த வாரம் ஒப்படைத்த ரசீதோடு கிளைக்கு வந்தார், மாஸ்க்கை இறக்கி மூச்சு வாங்கிக்கொண்டு. லாக்கரில் வைத்துவிட்டுக் கவுண்டருக்கு வந்தவர், அந்த ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் மார்ச்சில் முடிகிறது, இப்போதே நீட்டித்துவிடுங்கள் என்றார்.

"எத்தனை வருஷத்துக்குப் போடட்டும்?"

"அதிகபட்சம் எவ்வளவு போடலாம்?"

பத்து என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன்.