நீலாம்பரிக்கு ஜொகூரிலிருந்து ஒரு நன்றி மடல்

அன்புள்ள ரம்யா கிருஷ்ணன் அவர்களுக்கு,

ஜொகூர் பாருவிலிருந்து எழுதுகிறேன். 1999 ஏப்ரலில், நீங்கள் நீலாம்பரியாக நடித்த ரஜினியின் 'படையப்பா' வந்தபோது நான் பள்ளிச் சிறுமி. எங்கள் வீட்டில் அந்தப் படத்தை உட்கார்ந்து பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய விசிடி. சிவாஜி வீட்டை விட்டு வெளியேறும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். நாங்கள் வசனத்தை வாயாலேயே நிரப்பிக்கொள்வோம். படத்தில் ரஜினி செய்வதுபோல, அப்பாவின் துண்டை ஜன்னல் கம்பியில் வீசி, உட்கார ஊஞ்சலை இழுப்பதுதான் விளையாட்டு. எல்லாருக்கும் ரஜினி வேடம்தான் வேண்டும். நாற்காலி தராத நீலாம்பரியாக உட்கார ஆள் கிடைக்காது. கடைசியில் என்னை உட்கார வைப்பார்கள்.

இப்போது அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குத்தான் உங்களுக்கு நன்றி.

என் சின்னம்மா தெப்ராவ் பக்கம் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடர். இரவு வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குவார். வீட்டில் கொஞ்சம் குரல் உயர்ந்தால் போதும், "வந்துட்டாடா நீலாம்பரி" என்பார்கள் மாமாக்கள். பெண் என்றால் பொறுமை வேண்டும், அடக்கம் வேண்டும், அதிகாரம் கூடாது என்று நாயகன் அடுக்கிக்கொண்டே போகும் காட்சிக்குக் கூடமே கைதட்டும். சின்னம்மாவும் சிரிப்பார். சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார். அங்கே ஒரு வரிசை ஆட்களை அதிகாரம் செய்வதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

பல வருடம் கழித்து ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியில் படம் ஓடியபோது அந்தக் காட்சியில் எனக்குக் கை எழவில்லை. தலைகுனிந்து நிற்கும் வசுந்தராவுக்கு நாயகனோடு கல்யாணம். நிமிர்ந்து பார்த்த நீலாம்பரிக்கு 18 வருடம் அறைச் சிறை. கணக்கு அவ்வளவுதான். (வசுந்தராவாக நடித்த மறைந்த சௌந்தர்யா மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கொடுத்ததை அழகாகவே செய்தார்.)

கணக்கைக் கெடுத்தது நீங்கள். காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தவர், ஊஞ்சல் கீழே வந்த பிறகும் சுருங்கிப் போகவில்லை. அந்தக் கண்ணில் பயம் இல்லை. கோபத்துக்கு அடியில், பிடித்த ஆளைப் பார்க்கிற பார்வை ஒன்று அப்படியே இருந்தது. இத்தனை முறை பார்த்த படத்தில் நான் அதுவரை ரஜினியின் துண்டைத்தான் பார்த்திருந்தேன்.

கல்கியின் நாவலில் வரும் நந்தினியை மனத்தில் வைத்தே நீலாம்பரி உருவானாள் என்று 2022-இல் 'பொன்னியின் செல்வன்' பட விழா மேடையில் ரஜினி சொன்னார். நந்தினிக்குக் கல்கி ஒரு காயத்தைக் கொடுத்தார், ஒரு கதையைக் கொடுத்தார். நீலாம்பரிக்குப் படம் கொடுத்தது திமிர் மட்டும்தான். மீதியை நீங்களே போட்டு நிரப்பினீர்கள். கடைசியில் எதிரியின் இரக்கத்தில் உயிர் வாழ மாட்டேன் என்று தன்னையே சுட்டுக்கொள்கிறாளே, அவளைத் தோற்றவளாக யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ஃபிலிம்பேர் விருதும் உங்களைத்தான் தேடி வந்தது. 'ஜெயிலர்' படத்தில் அதே ரஜினிக்கு மனைவியாக வந்தபோதும் தியேட்டரில் பலர் தேடியது நீலாம்பரியைத்தான்.

சின்னம்மா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மாமாக்கள் அந்தப் பெயரைச் சொன்னால், "ஆமா, அதுக்கென்ன?" என்கிறார்.

2025 டிசம்பரில் படம் மீண்டும் திரைக்கு வந்ததையொட்டி, 'நீலாம்பரி' என்ற பெயரில் அடுத்த பாகத்துக்குக் கதைப் பேச்சு நடப்பதாக ரஜினியே சொல்லியிருக்கிறார். உங்களிடம் கதை சொல்ல வருவார்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த இந்தப் பெண்ணுக்குப் பழிவாங்குவதைத் தவிர வேறு என்ன வேலை? பதில் இல்லையென்றால், தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.


ஜொகூர் பாருவிலிருந்து ஒரு ரசிகை