ஏழு மணி அழைப்பு

கும்பகோணத்துக்காரர், மொன்றியலில் செயின்ட் லாரன்டில் ஒரு கிடங்கில் வேலை. இல்-பிசாரில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட்டில் குடியிருந்தார். மனைவிக்கு விசா மறுத்து வந்த கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "சார், எங்க கல்யாணம் பொய்யாம்" என்றார்.

விசா அதிகாரி சொன்ன காரணங்கள்: விருந்தினர் குறைவு, வரவேற்பு கிடையாது, மாப்பிள்ளை இரண்டே வாரத்தில் திரும்பிவிட்டார். கனடாவின் குடிவரவு விதிகளில் நான்காம் பிரிவு இருக்கிறது. திருமணம் உண்மையானதாக இருக்க வேண்டும். குடிவரவுக்காகவே முதன்மையாகச் செய்ததாகவும் இருக்கக் கூடாது. 2010 வரை இரண்டு குறையும் சேர்ந்திருந்தால்தான் மறுக்கலாம். அந்த ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒன்றே போதும். நிரூபிக்கும் பாரமோ நம் பக்கம்.

இதைச் சின்ன வழக்கென்று நான் நினைக்கவில்லை. 1908-இல் கனடாவில் வந்த தொடர்பயண விதி, அதாவது சொந்த நாட்டிலிருந்து இடையில் நிற்காமல் நேராக வந்தாக வேண்டும் என்ற விதி, இந்தியர் வருகையை ஏறக்குறைய அடைத்தே விட்டது. இங்கே ஏற்கெனவே இருந்தவர்கள் மனைவி மக்களை அழைத்துக்கொள்ள 1919-இல்தான் அனுமதி கிடைத்தது. அதுவரை பெரும்பாலோர் தனி ஆண்களாகவே காலம் தள்ளினார்கள். குடும்பம் வராமல் எந்த ஊரிலும் நாம் வேரூன்ற முடியாது.

மேல்முறையீடு செய்தோம். குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவில் வழக்கைப் புதிதாகவே கேட்பார்கள், புதிய ஆதாரங்களும் கொடுக்கலாம். கீ-ஃபாவ்ரோ வளாகத்தில் விசாரணை நடந்தது. மனைவி தொலைபேசியில் சாட்சி சொன்னார். ஏன் இத்தனை அவசரம் என்று வழக்கை விசாரித்த பிரிவு உறுப்பினர் கேட்டார்.

"அப்பா தவறி வருஷம் திரும்பறதுக்குள்ள கல்யாணம் முடிக்கணும்னு அம்மா சொன்னாங்க. துக்க வீடு, அதான் சாமிமலையில எளிமையா வச்சுக்கிட்டோம்."

மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்ததும் அந்தப் பெண்ணின் அப்பாவுடைய இறப்புச் சான்றிதழையும் வழக்கத்தை விளக்கிய குருக்களின் கடிதத்தையும் கொடுத்தேன். ஆடம்பரமில்லாத கல்யாணத்தை அந்த அதிகாரி போலி என்று எடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரைக் கேட்டிருந்தாலும் காரணம் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் வழக்கைத் தூக்கி நிறுத்தியது தொலைபேசி பில்தான். கோடையில் எல்லா அழைப்பும் மொன்றியல் நேரம் இரவு ஒன்பதரையை ஒட்டி. நவம்பர் முதல் ஞாயிறு தாண்டியதும் எட்டரைக்கு மாறுகிறது. மார்ச்சில் மறுபடி ஒன்பதரை. இங்கே கடிகாரத்தைத் திருப்பி வைக்கிறோம், இந்தியாவில் அது கிடையாது. அங்கே இரண்டுமே காலை ஏழு மணி. ஏழரை பஸ்ஸில் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகிறவர் அந்தப் பெண். அவர் கிளம்புவதற்கு முன் பேசிவிட வேண்டுமென்று, இவர் தன் இரவை அந்த மணிக்கு ஒதுக்கியிருந்தார். விசாவுக்காக ஜோடிக்கிறவன் பனிக்காலம் முழுக்க இப்படி ஒரு மணி நேரத்தை நகர்த்தி வைத்துக் காத்திருப்பானா என்று கேட்டேன். உறுப்பினர் பில்லை வாங்கி, மாதம் மாதமாக விரல் வைத்துப் பார்த்தார்.

மேல்முறையீடு ஏற்கப்பட்டது. அதோடு முடியவில்லை; கோப்பு திரும்ப விசா அலுவலகத்துக்குப் போய், மருத்துவம், பின்னணிச் சோதனை எல்லாம் நடந்தாக வேண்டும். மனைவிக்கான பொறுப்பு ஒப்பந்தம் கியூபெக் அரசிடம் இருந்தது, மூன்று ஆண்டுக்கு. அவர் வந்து சேரும் வரை எட்டரை, ஒன்பதரை அழைப்புகளும் தொடர்ந்தன. அந்த வழக்குக்குப் பிறகு, துணையை அழைக்க வருகிறவர்களிடம் கல்யாண ஆல்பத்துக்கு முன்னால் தொலைபேசி பில்லைத்தான் கேட்கிறேன்.